ரோலரின் சத்தம் மாறியபோது

திகன என்றதும் இன்று பலருக்கு 2018 மார்ச் கலவரத்தில் எரிந்த கடைகள்தான் நினைவுக்கு வருகின்றன. வெளியூர்க்காரர்களுக்கு விக்டோரியா அணையும் ரஜவெல்லப் பக்கத்துக் கோல்ப் மைதானமும் தெரியும். எனக்கு அந்த ஊர் முதலில் வாசனையாகத்தான் வரும். சூடேறிய இரும்பு, லேத்தில் ஊற்றும் பால் நிற எண்ணெய்த் தண்ணீர், மண்ணெண்ணெய், எல்லாவற்றின் மேலும் படிந்து கிடக்கும் வெள்ளைக் கல் தூசி. கண்டியிலிருந்து மகியங்கனை போகும் பாதையோரத்தில் அப்பாவின் பட்டறை இருந்தது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு தகரக் கதவு. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்ட கையோடு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்னா வேல" என்று அப்பாயி முணுமுணுப்பார். அப்பா ஒருநாளும் என்னை உள்ளே போகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. 1985இல் அணை திறந்தாயிற்று. 122 மீற்றர் உயரச் சுவருக்குப் பின்னால் மகாவலி தேங்கி, பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போயிருந்தது. அணை வேலையில் வெல்டிங் பழகிய ஒரு சிங்கள அண்ணன் அப்பாவோடு வேலை செய்தார். எல்லோருக்கும் அவர் வெல்டிங் பாஸ். அப்பாவும் தேயிலைத் தோட்டத்து இஸ்டோர் ஒன்றில், அதாவது தொழிற்சாலையில், பிட்டராக இருந்து தொழில் பழகியவர்தான். இந்தப் பக்கத்தில் மெஷின் தொழில் தேயிலைக்கும் முந்தியது. ஜோன் வோக்கர் என்பவர் கோப்பிக் காலத்தில், 1854இல், கண்டியில்தான் தன் தொழிலைத் தொடங்கினார். பிறகு அது கொழும்பில் பெரிய கம்பனியாக வளர்ந்தது. அப்பா இதைச் சொல்லும்போது தன் சொந்தப் பாட்டன் கதையைச் சொல்கிற பெருமை அவர் குரலில் இருக்கும்.

பட்டறைக்கு வரும் சாமான்களில் பாதி டொலமைட் மில்களிலிருந்து வந்தவை. திகன மண்ணுக்கடியில் டொலமைட் கல் கிடக்கிறது. அதை வெடிவைத்து எடுத்து, உடைத்து, மாவாக அரைத்து, மூட்டை கட்டி மலைத் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் அதைத் தூவினால் மண்ணின் புளிப்பு குறையும், செடிக்கு மக்னீசியமும் கிடைக்கும். அரைக்கும் மில்லுக்குள் ஒரு ஷாப்டைச் சுற்றித் தொங்கும் இரும்புச் சம்மட்டிகள் வேகமாகச் சுழன்று கல்லை அடிக்கும். அவை புதிதாகப் போகும்போது கனத்த சதுர முனையோடு போகும். தேய்ந்து திரும்பி வரும்போது ஒரு பக்க மூலை வழிந்து போயிருக்கும்.

"டொலமைட் இரும்பவிட மெதுவான கல்லுதானே, அப்புறம் எப்படித் தேயுது?" என்று ஒருநாள் கேட்டேன். அப்பா மூட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெயிலில் காட்டினார். வெள்ளைக்குள்ளே கண்ணாடி மாதிரி மின்னும் சின்னச் சின்னப் பொட்டுகள். அது படிகக்கல். சாதாரண இரும்பைக் கீறிவிடும். "மொத்தக் கல்லும் நல்லதுதான் புள்ள. இந்தக் கொஞ்சம்தான் திங்குது" என்றார். ஆகவே தேய்ந்த மூலையில் வெல்டிங் பாஸ் கடினமான மங்கனீஸ் கம்பியால் படை படையாக உலோகம் ஏற்றுவார். ஏற்றியதும் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு சம்மட்டியையும் தராசில் போட்டு நிறுப்பார்கள். எதிர் எதிரே தொங்கும் இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒன்று கனத்து மற்றது இளைத்தால் ஷாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக இழுபடும், பெயாரிங் அடிபடும், அடித்தளத்து போல்ட் தளரும். ஒரு பக்கம் தேய்ந்ததும் சம்மட்டியைத் திருப்பி மாட்டிவிட்டால் மறுபக்கமும் உழைக்கும். இதையும் அப்பா ஒவ்வொரு மில்காரரிடமும் சொல்லி அனுப்புவார். கேட்டவர்களின் மில் மாதக்கணக்கில் ஓடியது. கேட்காதவர்கள் அடிக்கடி வந்தார்கள். அவர்களால்தான் பட்டறைக்குக் காசு வந்தது என்றாலும் அவர்களைக் கண்டால் அப்பாவின் முகம் சுருங்கிவிடும்.

துருவைப் பற்றி அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துருப்பிடித்த சட்டத்தின் மேலேயே பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்பா உளியின் நுனியால் ஒரு இடத்தைத் தட்டுவார். பெயின்ட் தோலாக உரிந்து விழும், உள்ளே செம்மண் நிறத்தில் இரும்பு செதில் செதிலாக வரும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். இரண்டும் ஏற்கனவே துருவுக்குள் ஒளிந்திருக்கும்போது மேலே எதைப் பூசினாலும் வேலை உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்த அன்றே ரெட் ஒக்சைட் பூச வேண்டும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி விட்டாலும் மறுநாள் காலையில் மேற்பரப்பு மஞ்சளாகிவிடும்.

எனக்கு மறக்காத இன்னொன்று, சட்டங்களின் அடிப்பகுதியில் அவர் போடும் சின்னத் துளை. பெட்டி மாதிரி ஒட்டிய இரும்புச் சட்டத்துக்குள் தண்ணீர் எப்படியோ போய்விடும், வெளியே வர வழி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல இரும்பு, உள்ளே கரைந்துகொண்டிருக்கும். விரல் நுனி அளவு ஒரு துளை போட்டுவிட்டால் தண்ணீர் தானாக வடிந்து போகும். உரம் கலக்கும் டிரம்களுக்கு இதைக் கட்டாயம் செய்வார். பொட்டாஷ் உரத்தில் குளோரைட் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு அது சேர்ந்தால் இரும்பு குழி குழியாக அரிபடும். டிரம்மை வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள் என்று மூன்று மொழியும் கலந்து சொல்லுவார்.

வரட்சி வந்தால் பம்புகள் வரும். நீர்த்தேக்கம் இறங்கி இறங்கித் தூரப் போகும். கரையில் வைத்த பம்பை யாரும் நகர்த்த மாட்டார்கள், குழாயை மட்டும் நீட்டுவார்கள். அப்படி வந்த ஒரு பம்பைப் பிரித்தபோது உள்ளே இருந்த விசிறி பஞ்சாகப் பொத்தலிட்டுப் போயிருந்தது. துரு இல்லை, மணல் கீறலும் இல்லை. பம்புக்காரர் ஏதோ அமிலம் கலந்த தண்ணீர் என்று சாதித்தார். அப்பா ஒரே கேள்வி கேட்டார்: "ஓடுறப்போ உள்ளுக்கு சரளை உருளுற சத்தம் கேட்டுச்சா?" கேட்டது என்றார் அவர், கல் இழுபடுகிறது என்று வலை கூடக் கட்டிப் பார்த்தாராம்.

தண்ணீரைக் கீழிருந்து மேலே உறிஞ்சுவது உண்மையில் பம்பு இல்லை, காற்றின் அழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி பத்து மீற்றருக்கு மேல் ஏறாது, நடைமுறையில் ஏழைத் தாண்டினாலே தகராறு. அதற்கு மேல் இழுத்தால் விசிறியின் வாயில் அழுத்தம் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழிகள் பிறக்கும். அவை அடுத்த கணம் நசுங்கி உடையும்போது உலோகத்தை அடிக்கும். ஒரு குமிழியின் அடியால் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்கக் கோடிக்கணக்கில் விழுந்தால் வெண்கலமும் பொத்தலாகும். மருந்து ரொம்பச் சுலபமானது: பம்பைத் தண்ணீர்ப் பக்கமாக இறக்கி வை, உறிஞ்சு குழாயை அகலமாகப் போடு, அடி வால்வில் பாசி அடைக்க விடாதே. அன்று பம்புக்காரர் நம்பவில்லை. பம்பை இறக்கி வைத்த பிறகு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

இத்தனை வேலைகளிலும் என் மனதில் ஆழப் பதிந்தது கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் இஸ்டோருக்கு ஒரு விடுமுறை நாளில் அப்பாவோடு போனது. ரோலர் உடைந்துவிட்டது, உடனே வரவும் என்று லொறி அனுப்பியிருந்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

ரோலர் என்பது வாட்டிய கொழுந்தைச் சுருட்டும் மெஷின். கீழே வட்ட மேசை, மேலே கொழுந்து நிரப்பும் பெட்டி. மூன்று வளைகைகள் அந்தப் பெட்டியை மேசையின் மேல் வட்டமாக இழுத்துச் சுற்றும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டபோது கொழுந்தைப் பங்களா விறாந்தையில் கையால்தான் சுருட்டினார்கள். வில்லியம் ஜக்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1870களில் ரோலரை உருவாக்க, இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனி அவற்றைச் செய்து தோட்டங்களுக்கு அனுப்பியது. அந்த இஸ்டோரில் நின்றதும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

உள்ளே நுழைந்ததும் பச்சை இலை புளித்த வாசனை. மேசையின் மேல் பித்தளைத் தகடு பளபளத்தது. இரும்பு மெஷினுக்கு ஏன் பித்தளை என்று நான் கேட்டதற்கு, இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கொண்டுவந்த தேத்தண்ணியில் பாலில்லாத ஒரு கோப்பையை எடுத்து, துருப்பிடித்த ஆணி ஒன்றை அப்பா அதற்குள் போட்டுவைத்தார். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்துப் போனது. கொழுந்தின் சாறு இரும்பைத் தின்னும், இரும்பு தேயிலையின் நிறத்தைக் கெடுக்கும். இரண்டையும் பிரித்து வைக்கத்தான் அந்தத் தகடு. பிற்காலத்தில் அந்த இடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வந்தது.

உடைந்தது ஒரு வளைகையின் பின். உடைந்த கணத்தில் பெட்டி திமிறி ஒரு பக்கமாகப் போயிருக்கிறது. அருகில் நின்ற இளைஞர் ஒருவரின் கால் முறிந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அங்கே நின்றவர்கள் எல்லோரும் "திடீர்னு உடைஞ்சிருச்சுங்க" என்றே சொன்னார்கள். அப்பா உடைந்த முகத்தைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். பாதிக்கு மேல் வழவழப்பாக, சிப்பி ஓட்டின் வரிகளைப் போல வளைவு வளைவாகக் கோடுகள். மீதிப் பகுதி மட்டும் சொரசொரப்பாக, புத்தம்புதிதாக மின்னியது. "மின்னுது பாரு, அது நேத்து உடைஞ்சது. வழவழன்னு இருக்குறது எப்பவோ உடைஞ்சது. வெடிப்பு ஒவ்வொரு கோடா நடந்து வந்திருக்கு" என்றார்.

பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "சத்தம் மாறினத யாரு முதல்ல கேட்டது?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ரோலருக்கு அடியில் சிந்தும் கொழுந்தைக் கூட்டி அள்ளும் ஒரு அக்கா, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நின்றார்.

"நாந்தாங்க."

"எப்போலேர்ந்து?"

"புதன்கிழமை ராத்திரி ஷிப்ட்லேர்ந்துங்க. சுத்துக்கு ஒருவாட்டி டொக்குனு கேக்கும். பொட்டி நெறைய கொழுந்து இருந்தா கேக்காது. கொறஞ்சாதான் கேக்கும். சொன்னேனுங்க. கூட்டுற வேலையப் பாருன்னுட்டாங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. எந்த இஞ்சினியரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பெயாரிங் தேய்ந்து இடைவெளி விழுந்தால், பாரம் இருக்கும்போது பின் ஒரே பக்கமாக அழுந்திக் கிடக்கும், சத்தம் வராது. பாரம் இளகினால் அந்த இடைவெளிக்குள் ஆடி அடிக்கும். அந்த அக்கா சொன்னது நோயின் முழு விவரம். அதைக் கேட்டு ஒருமணி நேரம் ரோலரை நிறுத்தியிருந்தால் அந்தப் பிள்ளையின் கால் முறிந்திருக்காது.

கிரீஸ் போடவில்லையா என்று அப்பா கேட்டதற்கு, தினமும் போடுகிறோம் என்று சத்தியம் செய்தார்கள். பொய் இல்லை. பெயாரிங்கின் ஓரமெல்லாம் புதுக் கிரீஸ் பிதுங்கிக் கிடந்தது. அப்பா அதைக் கழற்றி, கிரீஸ் போகும் துளைக்குள் ஒரு கம்பியை விட்டார். பாதியில் நின்றது. பழைய கிரீஸ் தூசியோடும் இலைச் சாற்றோடும் சேர்ந்து கல்லாக இறுகி வழியை அடைத்திருந்தது. புதிதாக அடித்ததெல்லாம் ஓரத்தால் வெளியே வந்துவிட்டது, பின்னுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. வெளியே கிரீஸைப் பார்த்தவர்கள் உள்ளேயும் இருக்கிறது என்று நம்பிவிட்டார்கள்.

பட்டறைக்குத் திரும்பிப் புதுப் பின் கடைந்த அன்று அப்பா என்னை லேத் பக்கத்திலேயே நிற்க வைத்தார். பழைய பின்னில் தடிப்பு மாறும் இடம் கூர்மையான மூலையாக இருந்தது. வெடிப்பு அங்கேதான் பிறந்திருந்தது. புதியதில் அந்த மூலையை வளைத்து, உப்புத்தாள் போட்டு நகத்தில் படாதவரை மெருகேற்றினார். மற்ற இரண்டு வளைகைகளின் பின்களுக்கும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூளைப் பூசினார். "இப்ப பாத்துக்கிட்டே இரு." வெள்ளைக்கு மேலே ஒன்றில் மட்டும் முடி மெலிவில் ஒரு ஈரக்கோடு மெல்ல எழுந்தது. வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெயைச் சுண்ணாம்பு வெளியே உறிஞ்சி எடுத்திருந்தது. கண்ணுக்கே தெரியாத அந்த வெடிப்பும் அடுத்த சில வாரங்களில் ரோலரை உடைத்திருக்கும்.

பேராதனையில் பொறியியல் படித்த காலத்தில், ஆகுஸ்ட் வோலர் என்ற ஜெர்மனியர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்ததைப் பற்றி விரிவுரையில் சொன்னார்கள். ஒரே தடவையில் தாங்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையும், லட்சக்கணக்கான தடவை திரும்பி வந்தால் எஃகை உடைத்துவிடும். உலோகச் சோர்வு என்று அதற்குப் பெயர். கரும்பலகையில் வரைந்த படத்தில் அதே சிப்பி வரிகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே வரிகள் பிறகு உலகத்தை உலுக்கிய ஒரு விபத்திலும் வந்தன. 2009 ஆகஸ்ட் 17இல் ரஷ்யாவின் சயானோ-ஷுஷென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் 640 மெகாவொட் விசையாழி ஒன்றின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்கள் அறுந்து, தண்ணீர் மண்டபத்துக்குள் பாய்ந்து 75 பேர் இறந்தார்கள். பிறகு எடுத்துப் பார்த்த 49 போல்ட்களில் 41இல் சோர்வு வெடிப்பு இருந்தது. அந்த விசையாழி அளவுக்கு மீறி அதிர்ந்ததைக் கருவிகள் விபத்துக்கு முன்பே பதிந்திருந்தன. ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த இஸ்டோரின் சுவரோரம்தான் தெரிந்தது. கருவி சொன்னாலும் சரி, கூட்டுகிற அக்கா சொன்னாலும் சரி, உற்பத்தி நிற்கக்கூடாது என்று முடிவெடுத்தவர்களுக்கு அது கேட்காது.

நம் விக்டோரியாவிலும் 70 மெகாவொட் கொண்ட மூன்று விசையாழிகள் ஓடுகின்றன. அங்கே அதிர்வை அளக்கக் கருவிகள் இருக்கும், படித்தவர்கள் இருப்பார்கள். என் கவலை சின்ன இடங்களைப் பற்றியது. டொலமைட் மில், அரிசி மில், மரம் அறுக்கும் ஆலை, தேயிலை இஸ்டோர். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் கொதிகலன்களையும் பாரந்தூக்கிகளையும் பரிசோதிக்கச் சொல்கிறது. ஒரு ரோலரின் பின்னையோ சம்மட்டியின் எடையையோ பார்க்க எந்த அதிகாரியும் நாள்தோறும் வரப்போவதில்லை. அங்கே நிற்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை இப்போது நூதனசாலை. போன முறை கண்டிக்குப் போனபோது என் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். தாத்தா காலத்து ரோலர்களும் என்ஜின்களும் வரிசையாக நிற்கின்றன. வார்ப்பிரும்பு அப்படியே இருக்கிறது. அவை இத்தனை காலம் நின்றது அந்தக் காலத்து இரும்பு நல்லது என்பதால் மட்டும்தான் என்று வழிகாட்டி சொன்னார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே இரும்பில் செய்த எத்தனையோ மெஷின்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. இவை மிஞ்சியதற்குக் காரணம், யாரோ ஒருவர் தினமும் காலையில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார், திருப்புளி முனையை பெயாரிங்கில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார், துளையைக் குத்திச் சுத்தம் செய்த பிறகே கிரீஸ் அடித்தார்.

கலஹாவிலிருந்து கிளம்பும்போது அப்பா டீமேக்கரிடம் கூலியைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்டார். ரோலர் பக்கத்தில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட வேண்டும், சத்தமோ சூடோ அதிர்வோ மாறினால் யாராக இருந்தாலும் அதில் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர் சொல்வதை மற்றவர் எழுத வேண்டும். அந்த அக்காவின் பெயரை அதில் முதல் பெயராகப் போடச் சொன்னார். டீமேக்கர் தலையை ஆட்டினார். அதன் பிறகு அந்த இஸ்டோரின் ரோலர் எங்கள் பட்டறைக்கு உடைந்து வந்ததில்லை.

மெஷின் வைத்துத் தொழில் செய்கிற ஒவ்வொருவரிடமும் நானும் அதையே கேட்கிறேன். ஒரு கொப்பியையும் பேனையையும் மெஷின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கூட்டுகிறவருக்கும் காட்டிக் கொடுங்கள். அவர் வந்து சத்தம் மாறுகிறது என்று சொன்னால், அன்றைய கணக்கு குறைந்தாலும் பரவாயில்லை, முதலில் மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள்.